தொண்ணூற்றெட்டில் நின்றுபோன திரை

நான் படித்த கல்லூரியிலிருந்து ஷாலினி என்ற இறுதியாண்டு மாணவி போன வாரம் அழைத்தாள். ஆண்டு மலரில் பழைய மாணவர்களின் பணி அனுபவத்தைப் போடுகிறார்களாம். "அக்கா, மெமரி லீக் கண்டுபிடிக்கிறதையே பத்து வருஷம் வேலையா பார்த்தீங்கன்னு சார் சொன்னாரு. இப்ப புரோகிராமை ஏஐகிட்ட குடுத்தா எந்த வரின்னு அதுவே சொல்லிடுதே. அப்புறம் ஏன்கா பத்து வருஷம்?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். எழுதித் தருகிறேன் என்றேன். எனக்கு வயது முப்பத்து நான்கு. வேலையை விட்டு ஆறு மாதம் ஆகிறது. திரும்பப் போவதாக இல்லை. அதனால் ஓய்வு பெற்றவள் என்றே என்னைச் சொல்லிக்கொள்கிறேன்.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா மருந்து அடித்தார். இரண்டு பேருக்கும் கைநாட்டுதான். எங்கள் குடும்பத்தில் முதலில் கையெழுத்துப் போட்டவள் நான். முதலில் பட்டம் வாங்கியவள், முதலில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டியவள் எல்லாம் நான்தான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு.

அரசுப் பள்ளி, கோயம்புத்தூரில் பொறியியல், நான்கு வருட விடுதிச் சோறு. அங்கே கற்றதில் சி மொழி ஒன்றுதான் என்னோடு ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் பெங்களூருக்குப் போனார்கள். அப்பாவுக்கு அப்போது மூச்சிரைப்பு தொடங்கியிருந்ததால் நான் குன்னூரிலேயே வேலை தேடினேன். கிடைத்தது பதினான்கு பேர் வேலை பார்த்த ஒரு சின்ன நிறுவனம். தேயிலைத் தொழிற்சாலைகளில் ட்ரையருக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து விற்றார்கள்.

ட்ரையர் என்பது தூளைச் சூடான காற்றில் காயவைக்கும் இயந்திரம். விறகு எரியும் உலையிலிருந்து காற்று வரும். சூடு குறைந்தால் தூள் ஈரமாக நிற்கும், கூடினால் கருகும், இன்னும் கூடினால் தீப்பிடிக்கும். எங்கள் பெட்டி அந்தச் சூட்டை அளந்து திரையில் காட்டும், எல்லை தாண்டினால் மணி அடிக்கும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டையும், அடித்த மணிகளையும் நேரத்தோடு பதிவு செய்யும். உள்ளே ஓடுவது சி மொழியில் எழுதி இயந்திர மொழிக்கு மாற்றி ஏற்றிய நிரல். ஏற்றிய பிறகு அதற்குள் எட்டிப் பார்ப்பது சுலபம் இல்லை.

மெமரி லீக் என்ற பெயரே சரியில்லை. அங்கே எதுவும் ஒழுகுவதில்லை. கொழுந்து எடுப்பவர்கள் காலையில் எடைக் கொட்டகையில் காலிச் சாக்கு வாங்குவார்கள், சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். யாராவது ஒருவர் தினமும் ஒன்றை வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தால் யாருக்கும் உடனே தெரியாது. ஒரு நாள் காலையில் கொட்டகையில் சாக்கே இருக்காது, எல்லோரும் வெறுங்கையோடு நிற்பார்கள். நிரலும் இப்படித்தான். வேலைக்கு நினைவகத்தில் இடம் கேட்டு வாங்கும், முடிந்ததும் விட வேண்டும். விட மறந்தால் அந்த இடம் பெட்டியை அணைக்கும்வரை யாருக்கும் பயன்படாது. மறந்தவனை அன்றைக்கே பிடிக்க முடியாது. இடம் தீர்ந்து எல்லாம் நின்ற பிறகுதான் தேடவே ஆரம்பிப்போம்.

தேடும் முறையை எனக்குக் காட்டியவர் சண்முகம் சார், தொழில்நுட்பப் பிரிவின் தலைவர். அவர் விசைப்பலகையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. நிரலைத் தாளில் அச்செடுக்கச் சொல்வார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை முகத்துக்கு ஒட்டினாற்போலப் பிடித்து, கோர்ட்டில் சாட்சியம் வாசிப்பதுபோல ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படிப்பார். இடம் வாங்கும் வரிக்குப் பென்சிலால் ஒரு வட்டம். விடும் வரிக்கு ஒரு பெருக்கல் குறி. வட்டத்திலிருந்து குறிக்குக் கோடு இழுப்பார். கோடு போய்ச் சேராத வட்டம் இருந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இதை யாருங்க விடுவாங்க?" என்று கேட்பார். குரல் உயராது. நேற்று சேர்ந்தவளையும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். என்னிடம் "ங்க" சேர்த்துப் பேசிய முதல் ஆண் அவர். அதற்காகவே அவருக்கு என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. "லைன் நம்பர் இல்லாம வாயைத் திறக்காதீங்க." லீக் இருக்கலாம், இருக்கும்போலத் தெரிகிறது என்பதெல்லாம் அவரிடம் செல்லாது. எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி? அது தெரிந்தால் பேசலாம்.

இதற்கென்று இருக்கும் கருவிகள் அந்தச் சின்னப் பெட்டியில் ஓடாது, அவற்றுக்கே இடம் போதாது. அதனால் வாங்கும், விடும் ஒவ்வொரு இடத்தையும் வரி எண்ணோடு எழுதிவைக்கும் ஒரு துண்டு நிரலை நானே எழுதினேன். நான் சேர்ந்த இரண்டாம் வருடம், கொழுந்தை வாட்டும் காற்றாடிகளை ஓட்டும் இன்னொரு பெட்டி எட்டு ஒன்பது நாளுக்கு ஒருமுறை நின்றுகொண்டிருந்தது. மூன்று பேர் தேடிக் கைவிட்டதை நான் நான்கு நாளில் கண்டுபிடித்தேன். அன்று சார் பென்சிலை என் பக்கம் திருப்பி நீட்டினார். "நீங்களே வட்டம் போடுங்க." அதன்பிறகு லீக் என்றால் நான்தான். வீட்டில் அம்மா, "என்ர புள்ள மிஷினுக்கு வைத்தியம் பாக்குது" என்று வழியில் போகிறவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி ராசையாவின் கதை.

கூடலூரைத் தாண்டி ஓவேலிப் பக்கம் ஒரு தொழிற்சாலை. ஜூலை மாதம், கொழுந்து கொட்டிக்கொண்டிருந்தது. காலை பதினொன்று இருக்கும், அங்கிருந்து ஆபீஸ் கிளார்க் அழைத்தார். "மேடம், ட்ரையர்ல தீப்பிடிச்சிருச்சு, அணைச்சிட்டோம். உங்க பெட்டி வேலை செய்யலைங்க." எங்கள் மேசையில் ஒரு நோட்டு உண்டு. அழைப்பு வந்தால் முதலில் "திரையில் என்ன தெரிகிறது?" என்று கேட்டு அதில் எழுத வேண்டும். பத்து விநாடி வேலை. அன்று நான் கேட்கவில்லை. வேறு ஒரு லீக்கின் வாலைப் பிடித்திருந்தேன், விட மனமில்லை. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றேன். பண்ணினார். "வந்துருச்சுங்க மேடம்" என்றார். வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சார் என்னை அங்கே அனுப்பினார். குன்னூரிலிருந்து ஊட்டி, ஊட்டியிலிருந்து கூடலூர், அங்கிருந்து ஜீப். தொழிற்சாலையின் பொறுப்பாளரான டீமேக்கர் எங்கள் பெட்டியின் பதிவை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார். ஒன்பது நாற்பதோடு பதிவு நிற்கிறது. பத்து ஐம்பத்தைந்துக்குப் புதிதாகத் தொடங்குகிறது. இடையில் ஒன்றுமில்லை. அணைக்கும் முன் திரையில் என்ன இருந்தது என்று கிளார்க்கைக் கேட்டேன், புகையில் கவனிக்கவில்லை என்றார்.

"நேராவே சொல்றேன் மேடம். ட்ரையர்காரன் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டான். மணிச் சத்தம் அவனுக்கு ஆகறதில்லை. கரண்ட் போனாலும் பெட்டிக்கு பேட்டரி இருக்குதில்ல, அப்ப வேற யாரு அணைச்சது? இன்னொண்ணும் பாருங்க. மத்தவன் ஷிஃப்ட்ல எல்லாம் அலாரம் பதிவாகியிருக்கு. இவன் ஷிஃப்ட்ல மூணு வாரத்துல ஒண்ணுகூட இல்லை. உங்க பெட்டிதான் சொல்லுது, நான் சொல்லலை."

ட்ரையர்காரர் ராசையா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு வந்தவர். தீப்பிடித்த அன்று ட்ரையரின் எரிந்த தட்டை இழுத்துப் போட்டதில் வலது கை வெந்து, முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி. அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் விட வேண்டும்.

"நான் பொட்டியத் தொடவே இல்ல மகள்" என்றார். "தொண்ணூத்தெட்டுன்னு நிக்குது. சரியாத்தான இருக்குன்னு தூளப் பாத்துட்டு நின்னேன். எவ்வளவு நேரமானாலும் தொண்ணூத்தெட்டு. காந்தல் வாட வந்தப்பத்தான் எட்டிப் பாக்குறேன், உள்ள செவப்பா இருக்கு."

"உங்க ஷிஃப்ட்ல மட்டும் ஏங்க அலாரமே இல்லை?"

"மணி நல்லாத்தான் அடிக்கும். டங்கு டங்குன்னு."

"அடிச்சா என்ன செய்வீங்க?"

"ஓடிப்போய்க் காத்துக் கதவத் தொறப்பேன். பச்சக் காத்து வந்தா சூடு எறங்கிரும், மணியும் தானா நிக்கும். அப்புறம் என்ன?"

"பட்டனை அமுக்க மாட்டீங்களா?"

"கை ரெண்டும் கதவுல இருக்கயில பட்டன எதால அமுக்க, மூக்காலயா?" என்றார். அவர் மனைவி, "ஆபீஸ்லருந்து வந்த புள்ளகிட்ட பேசுற பேச்சா இது" என்று அதட்டினார். நான் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன்.

கிளம்பும்போது அந்த அம்மா ஜீப்வரை வந்தார். "பொட்டி தானா நின்னுருக்கலாம்னு நீ ஒரு வார்த்த எழுதிக் குடு புள்ள. அது போதும்னு யூனியன்காரரு சொல்றாரு."

"கண்டுபிடிச்சு எழுதித் தர்றேங்க" என்றேன். இருக்கலாம் என்று எழுதுகிறவள் இல்லை நான். வரி எண்ணோடு, யாரும் மறுக்க முடியாதபடி கொடுப்பேன். ஜீப்பில் வரும்போது அந்த அறிக்கையின் முதல் வாக்கியத்தைக்கூட யோசித்துவிட்டேன்.

குன்னூர் திரும்பியதும் சோதனைப் பெட்டியை ஓடவிட்டேன். லீக் இல்லை. எங்கள் அலுவலகத்தில் கிளம்பும்போது எல்லா பிளக்குகளையும் பிடுங்கிவிட்டுத்தான் போவோம். இடி இறங்கி இரண்டு முறை பெட்டிகள் கருகியிருக்கின்றன, அதிலிருந்து வந்த பழக்கம். ஆக, எங்கள் சோதனைப் பெட்டி அதன் வாழ்நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடியதே இல்லை. தொழிற்சாலைகளிலும் வார விடுமுறையில் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள். அணைத்தால் விடாத இடமெல்லாம் திரும்பி வந்துவிடும், வியாதி தெரியாது. கொழுந்து கொட்டும் சீசனில்தான் விடுமுறை இருக்காது. ஓவேலியில் பெட்டி மூன்று வாரமாக அணையாமல் ஓடியிருந்தது.

இது புரிந்ததும் பிளக்கைப் பிடுங்கக் கூடாது என்று சீட்டு எழுதி ஒட்டினேன். ஐந்து நாள் ஓடியது. செயற்கையாகச் சூட்டை ஏற்றினேன், மணி அடித்தது, பட்டனை அமுக்கினேன், இறக்கினேன். ஆயிரம் முறை. வாங்கியதெல்லாம் திரும்பி வந்தது. ஒரு துளி குறையவில்லை.

வியாழக்கிழமை சார் கேட்டார். "நாளைக்கு விசாரணைங்க. என்ன சொல்லலாம்?"

"நின்னிருக்கும் சார். ஆனா இன்னும் பிடிபடலை."

"லைன் நம்பர் இருக்குதுங்களா?"

"இல்லைங்க சார்."

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வேறு தாளை எடுத்தார். நான் நின்று வாதாடியிருக்கலாம். நானே ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. அரைகுறையாக ஒன்றில் என் கையெழுத்து விழுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை மதியம் கிடைத்தது. தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நோட்டைப் புரட்டினேன். மூக்காலயா என்ற வரியில் கண் நின்றது. சாதத்தை மூடிவிட்டுப் பெட்டிக்குப் போனேன். சூட்டை ஏற்றினேன். மணி அடித்தது. பட்டனைத் தொடாமல் சூட்டை இறக்கினேன். மணி தானாக நின்றது. நினைவகம் கொஞ்சம் குறைந்திருந்தது. மறுபடி செய்தேன். மறுபடி குறைந்தது.

மணி அடிக்கும்போது நிரல் ஒரு எச்சரிக்கைச் செய்திக்கு இடம் வாங்குகிறது. பட்டனை அமுக்கினால் அந்தச் செய்தியைப் பதிவில் ஏற்றிவிட்டு இடத்தை விடுகிறது. அமுக்கும் முன்பே சூடு இறங்கிவிட்டால் வேறு வழியாக வெளியே போய்விடுகிறது. அந்த வழியில் விடும் வரி இல்லை. பதிவில் ஏற்றும் வரியும் இல்லை. கடைசியில் இடம் முழுவதும் தீர்ந்ததும், கிடைக்கும்வரை காத்திரு என்ற கட்டளையில் எல்லாமே நின்றுவிடுகிறது. திரையில் கடைசியாகக் காட்டிய எண் அப்படியே இருக்கும்.

மற்ற ட்ரையர்காரர்கள் மணி அடித்தால் முதலில் பட்டனை அமுக்கிச் சத்தத்தை நிறுத்துவார்கள், பிறகு மெதுவாக எழுவார்கள். அவர்கள் கையில் பெட்டி நிற்காது. ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்ச் சூட்டை இறக்கியவர் கையில்தான் நிற்கும். அவர் ஷிஃப்டில் அலாரமே பதிவாகாததும் அதனால்தான்.

நிரலின் அந்தப் பகுதியை எழுதியவள் நான். காற்றாடிப் பெட்டியின் லீக்கைப் பிடித்த அதே வருடம். பழைய தாளைத் தேடி எடுத்தேன். சாரின் பென்சில் வட்டம் இருந்தது, பெருக்கல் குறியும் இருந்தது, கோடு போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டாவது வழியை அவரும் பார்க்கவில்லை.

இன்னொன்றும் அன்றுதான் உறைத்தது. விடாத அந்தச் செய்திகள் ஒவ்வொன்றிலும் நேரமும் சூடும் இருக்கும். தீப்பிடித்த அன்று பெட்டியை அணைக்காமல் என்னிடம் கொண்டுவந்திருந்தால், மூன்று வாரத்தில் ராசையா எந்தெந்த நிமிடத்தில் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார் என்பது முழுக்க உள்ளே இருந்திருக்கும். அவருக்கு வேறு சாட்சியே தேவைப்பட்டிருக்காது. அணைத்ததும் அழிந்துவிட்டது. அணைக்கச் சொன்னது நான்.

ஓவேலிக்கு போன் செய்தேன். கிளார்க்தான் எடுத்தார். "அது வெள்ளிக்கிழமையே முடிஞ்சுதுங்க மேடம். டிஸ்மிஸ்னு பேர் வேண்டாம்னு அவரே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டாரு. நேத்து வீட்டையும் காலி பண்ணிட்டாங்க."

நான்கு பக்க அறிக்கை எழுதினேன். வரி எண் இருந்தது. சார் வழக்கம்போலச் சத்தமாகப் படித்தார். தொழிற்சாலையின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, அந்தப் பத்தியின் மேல் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இழுத்தார். அடுத்த பத்தி. அதற்கும் ஒரு கோடு. மூன்றாம் நாள் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் புதிய நிரல் போனது. கூடவே போன கடிதத்தில் செயல்திறன் மேம்பாடு என்று இருந்தது.

"சார், அவரு ராஜினாமா பண்ணிட்டாருங்க" என்றேன்.

"தெரியுங்க."

"நாம எழுதினா திரும்ப எடுப்பாங்க."

"தீக்குக் காரணம் நம்ம பெட்டின்னு எழுதிட்டு அடுத்த மாசம் நாம யாருக்குங்க பெட்டி விப்போம்? இங்க பதினாலு குடும்பம் இருக்குங்க."

"அவருக்கும் ஒரு குடும்பங்க சார்."

அவர் பிளேடை எடுத்துப் பென்சில் சீவத் தொடங்கினார். கூர் வந்த பிறகும் சீவிக்கொண்டிருந்தார். நான் என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

அன்றே வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. இன்னும் ஒரு வருடம் இருந்தேன். லயத்தில் பிறந்தவள் லயத்துக்கே திரும்பி வந்துவிட்டாள் என்று சொல்வார்கள் என்று பயந்தேன். அறிக்கையின் ஒரு பிரதி என் பையில் இருந்தது, அதை யாருக்கும் அனுப்பவும் இல்லை. அந்த வருடம் மட்டும் ஏழு லீக் பிடித்தேன். ஒவ்வொன்றையும் பிடித்ததும் சார் பென்சிலை நீட்டுவார். ஒருநாள் வாங்கக் கை எழவில்லை. அந்த வாரம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன்.

விட்டபிறகுதான் ராசையாவைத் தேடிப் போகத் துணிவு வந்தது. ஊட்டிப் பக்கம் இத்தலாரில் ஒரு கேரட் கழுவும் இடத்தில் இருப்பதாகக் கூடலூர் யூனியன்காரர் சொன்னார். மத்தியான நேரம். லாரிக்கு மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஓரமாக உட்கார்ந்து உடைந்த கேரட்டுகளை இடது கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார். வலது கை விரல்கள் மடங்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மகள்" என்றார். அவர் மனைவி சாக்கைத் தைத்துக்கொண்டே தலையை மட்டும் அசைத்தார்.

நான்கு பக்கத்தையும் நீட்டினேன். ஆங்கிலத்தில் இருந்தது. அவர் வாங்கித் தலைகீழாகப் பிடித்து, பிறகு என்னிடமே கொடுத்தார். "நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். பெட்டி தானாகத்தான் நின்றது, நீங்கள் அணைக்கவில்லை, உங்கள் பேரில் தப்பே இல்லை என்றேன். நீங்கள் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்ச் சூட்டை இறக்கியதால்தான் இடம் தீர்ந்தது, சோம்பேறி கையில் இருந்திருந்தால் அது நின்றிருக்காது என்றேன். அவருக்கு அது மகிழ்ச்சி தரும் என்று நிஜமாகவே நம்பினேன்.

அவர் காலடியில் கிடந்த உடைந்த கேரட் ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டார்.

"அப்ப மணி அடிக்கயில பட்டன அமுக்கியிருந்தா பொட்டி நின்னிருக்காது?"

"நின்னிருக்காதுங்க. ஆனா..."

"தீயும் புடிச்சிருக்காது."

"அது எங்க தப்புங்க. நான் எழுதினதுல ஒரு வரி..."

"பொட்டி மாட்ட வந்தவரு சொல்லித்தான் குடுத்தாரு மகள். மணி அடிச்சா மொதல்ல பட்டன அமுக்குன்னு. நாந்தான் செய்யல." மனைவியின் பக்கம் திரும்பினார். "கேட்டியா, நாந்தான் பட்டன அமுக்காம விட்டுட்டேன்."

இல்லை என்று மறுபடி சொன்னேன். வேறு வார்த்தைகளில் சொன்னேன். இடம் வாங்குவதையும் விடுவதையும் சாக்கை வைத்துக்கூட விளக்கிப் பார்த்தேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். "அலைஞ்சு வந்து சொன்னீங்களே" என்று கும்பிட்டுவிட்டு, லாரிக்காரர் கூப்பிட, எழுந்து போனார்.

அந்த அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சாக்கை மடித்து வைத்தார்.

"வேல போச்சு, வீடு போச்சு, கை போச்சு" என்றார். "தப்புப் பண்ணலங்கிற நெனப்புலதான் இந்த மனுசன் தூங்கிட்டிருந்தாரு, புள்ள."